எதிர்வீட்டு ஆக்சிஜன்

மேடவாக்கம்,
ஜனவரி 29, வியாழக்கிழமை.

அன்பிற்குரிய தனத்துக்கு,

உன் கணவன் அப்பாதுரை எழுதிக்கொள்வது. நீயும் சினேகாவும் மாப்பிள்ளையும், பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத என் பேத்தியும் திருச்சியில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். விவரம் போகப் போகத் தெரியும். பதறாமல் படி.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். போன் போட்டால் நீ எடுக்கிறாய், "பேசினீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறாய், "இல்ல" என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் வைத்துவிடுகிறாய். நான் என்ன சாப்பிட்டேன், கேஸ் தீர்ந்துவிட்டதா, பிரஷர் மாத்திரை போட்டேனா, எதுவும் கிடையாது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது பார், அதனால்தான் இந்த ஏற்பாடு. நவம்பரில் தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாக நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஹனீஃபா அண்ணன்கிட்ட போய் ஒரு வார்த்தை பேசுங்க. பேசினாத்தான் பிப்ரவரி பதினஞ்சு நான் வண்டி ஏறுவேன். இல்லன்னா பேத்தி ஸ்கூல் சேர்ற வரைக்கும் இங்கயே இருந்துடுவேன்." நீ விளையாட்டுக்கு ஒன்று சொல்கிறவள் இல்லை. முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறேன்.

அந்தச் சண்டை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் தரப்பை முழுசாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேரில் சொன்னால் நீ பாதியில் எழுந்து குக்கரைப் பார்க்கப் போய்விடுவாய். நம் வீட்டுக்கு வருவது தமிழ்ப் பேப்பர். எதிர்வீட்டு ஹனீஃபாவுக்கு வருவது இங்கிலீஷ் பேப்பர். இரண்டு வாசலுக்கும் நடுவில் அந்த நீல பிளாஸ்டிக் ஸ்டூல், இரண்டு பேப்பரும் அதன்மேல்தான் கிடக்கும். அவர் எடுக்கிறபோது அவர் எடுப்பார், நான் எடுக்கிறபோது நான் எடுப்பேன். யாராவது கேட்டால் "எங்க வீட்ல ரெண்டு பேப்பர்" என்று நானும் சொல்வேன், அவரும் சொல்வார். ஏழு வருஷம் அப்படி ஓடியது. போன ஜூனில் ஒரு நாள் குறுக்கெழுத்தில் ஒரு குறிப்பு. சென்னை அருகே பெருமாள் கிடந்த கோலத்தில் இருக்கும் தலம், ஆறு எழுத்து. நான் பென்சிலால் 'திருவள்ளூர்' என்று போட்டுவிட்டு ஸ்டூலில் வைத்தேன். ஹனீஃபா என்ன செய்தார்? அவர் பத்திர எழுத்தர், முப்பது வருஷம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கிரயப் பத்திரம் எழுதிய மனுஷன், பென்சிலைத் தொட மாட்டார். என் திருவள்ளூரை மைப்பேனாவால் ஒரே கோடு அடித்து, மேலே 'திருநீர்மலை' என்று எழுதி, பக்கத்தில் அடித்தல் திருத்தலுக்கு இனிஷியலும் போட்டு வைத்திருந்தார்! குறுக்கெழுத்துக்கு, தனம்! எனக்கு வந்ததே கோபம், வாசலில் நின்று கேட்டேன், "பாய், பெருமாள் கோயில் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் அந்த ஸ்டூலில் ஒரு பேப்பர்தான் இருந்தது, அதுவும் என்னுடையது. இதுதான் நடந்தது. இதற்கு மேல் நீ கூட்டிச் சொல்வதெல்லாம் உன் கற்பனை.

சரி, இப்போது குடியரசு தினத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் நம் அபார்ட்மென்டில் கொடியேற்றிய அன்று சாயங்காலம் சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் வைப்பார்கள், ஸ்பீக்கர் சத்தத்தில் மூன்றாம் மாடி வரை ஜன்னல் அதிரும். இந்த வருஷம் புதுசாகக் குடி வந்திருக்கிற சத்யபிரியா என்ற பெண், காலேஜில் கெமிஸ்ட்ரி புரொபசராம், "டான்ஸ் வேணாம், நாம பெரியவங்களே சேர்ந்து ஒரு சயின்ஸ் நாடகம் போடலாம்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டது. அணுக்கள் எப்படி எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டு ஒன்றோடொன்று சேர்கின்றன என்பதுதான் கதை. ஆளுக்கு ஒரு அணு. எலக்ட்ரானுக்குப் பதிலாக எலுமிச்சம்பழம். தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டாம் மாடிக் குடும்பம் ஒன்று மொத்தமாக ஒத்துக்கொண்டது. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு மட்டும் ஒரே அளவில் இரண்டு பேர் வேண்டும் என்று அந்தப் பெண் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. என் வயிற்றைப் பார்த்தது. பிறகு ஹனீஃபா வயிற்றைப் பார்த்தது. "நீங்க ரெண்டு பேரும் கரெக்டா இருப்பீங்க சார்." புதுசாக வந்த பெண்ணுக்கு எங்கள் விவகாரம் எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் நாற்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். முதலில் அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன், முதலில் நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். இரண்டு பேரும் சொல்லாததால் இரண்டு பேரும் ஆக்சிஜன் ஆகிவிட்டோம்.

மொட்டை மாடியில் பத்து நாள் ஒத்திகை. முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறி போர்மேனாக ரிட்டயர் ஆனவன் நான், லட்சம் கோடி எலக்ட்ரானைக் கம்பியில் ஓட விட்டிருக்கிறேன், ஒன்றைக்கூட நிறுத்தி ஊர் பேர் கேட்டதில்லை. சத்யபிரியா சொல்லித்தான் தெரிகிறது, ஆக்சிஜனுக்கு வெளி வட்டத்தில் ஆறு எலக்ட்ரான், எட்டு இருந்தால்தான் அதற்கு நிம்மதி. என் ஜிப்பா பைகளில் நான்கு பழம், கைக்கு ஒன்றாக இரண்டு, ஆக ஆறு. "அப்போ எதிர்ல இருக்கிறவர்கிட்ட ரெண்டு வாங்கிக்கணுமாம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கக் கூடாது சார். அவருக்கும் ஆறுதான், அவரும் ரெண்டு தேடிட்டிருக்கார். நீங்க ரெண்டை நடுவுல வைங்க, அவரும் ரெண்டை நடுவுல வைப்பார். நடுவுல நாலு, உங்க பையில நாலு, உங்களுக்கு எட்டு. அவருக்கும் அதே எட்டு."

"இருக்கிறதே பன்னெண்டு பழம்தானேம்மா? ரெண்டு எட்டு பதினாறு இல்ல?"

"நடுவுல இருக்கிற நாலையும் ரெண்டு பேருமே எண்ணுறீங்க சார். அதான் சகப்பிணைப்பு."

எனக்கு அந்த நீல ஸ்டூல் ஞாபகம் வந்தது. வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஹனீஃபா முகத்தைப் பார்த்தேன், அவர் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கையைப் பிடிக்கும் கட்டம். உள்ளங்கைக்கு ஒரு பழம் வைத்துக்கொண்டு, அவர் கையும் என் கையும் சேர, நடுவில் இரண்டு பழம் விழாமல் விரலைக் கோத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கை இல்லை, இரண்டு கையும். இரட்டைப் பிணைப்பாம். முதல் நாள் நான் என் இரண்டு பழத்தையும் அவர் கையில் திணித்துவிட்டுப் பின்னால் வந்துவிட்டேன், வைத்துக்கொள்ளட்டும் என்று. சத்யபிரியா ஓடி வந்தது. "ஐயையோ, கொடுத்துட்டீங்கன்னா அது அயனிப் பிணைப்பு சார், உப்புல நடக்கிறது. ஒருத்தர் கொடுக்கிறவர், ஒருத்தர் வாங்கிக்கிறவர். ஆக்சிஜனும் ஆக்சிஜனும் சரிசமம், இங்க யாரும் யாருக்கும் தானம் பண்ண முடியாது." சரி என்று பிடித்தேன். நேரடியாகப் பேசிக்கொள்வதில்லையே, அதனால், "அந்த ஆக்சிஜனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்மா" என்றேன். அவர், "அந்த ஆக்சிஜன் நகத்தை வெட்டிட்டு வந்தா நல்லா இருக்கும்னு சொல்லும்மா" என்றார். பாவம் அந்தப் பெண், எது நாடகம் எது நிஜம் என்று புரியாமல் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டது. ரொம்ப நெருங்கினால் இரண்டு அணுக்கருவும் ஒன்றையொன்று தள்ளிவிடும், ரொம்ப விலகினால் பிணைப்பே இல்லை, சரியான ஒரு தூரம் இருக்கிறது என்று வேறு சொல்லியது. எங்கள் விஷயத்தில் அந்தத் தூரத்தை இரண்டு வயிறும் பேசி முடிவு செய்துகொண்டன.

ஒரு நாள் ஹனீஃபா, என்னிடம் இல்லை, ஆகாயத்தைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டார். "நடுவுல இருக்கிற அந்த நாலு, நம்ம ஃபிளாட் நிலம் மாதிரி பிரிபடாத பாகம்னு புரியுது. அதைப் பாகப்பிரிவினை பண்ணணும்னா என்ன வழி?" அதற்கு சத்யபிரியா, "பிரிக்கலாம் அங்கிள், ஆனா சும்மா பிரியாது. சேரும்போது எவ்வளவு சக்தி வெளிய வந்துச்சோ அவ்வளவையும் திரும்பச் செலவு பண்ணினாத்தான் பிரியும்" என்றது. தனம், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எட்டு மாதமாக நான் செலவு செய்தது கொஞ்சமா? அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வருகிறேன். லிஃப்டில் அவர் இருந்தால் முட்டி வலியோடு நாலு மாடி ஏறுகிறேன். காலை நடையை ஆறு மணியிலிருந்து ஐந்தேகாலுக்கு மாற்றிக்கொண்டேன், போன வாரம்தான் கேள்விப்படுகிறேன், அவர் என்னைத் தவிர்ப்பதற்காக ஏழுக்கு மாற்றிக்கொண்டாராம். ஆறு மணி சும்மா காலியாகக் கிடக்கிறது.

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் கார் பார்க்கிங்கில் மேடை. காலையில் வர வேண்டிய தண்ணி லாரி, மேடவாக்கம் கூட் ரோட்டில் மாட்டிக்கொண்டு, சரியாக நாங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நடுவில் வந்து நிற்கும்போது ஹாரன் அடித்துக்கொண்டு பின்பக்கமாக உள்ளே நுழைந்தது. அதை நிறுத்த முடியுமா, சம்ப் காலி. ஓஸ் பைப் மூட்டில் ஒழுகி டைல்ஸ் எல்லாம் தண்ணீர். ஹாரனுக்குத் திடுக்கிட்டுக் குலுங்கினேனா, ஜிப்பா பையிலிருந்து ஒரு எலக்ட்ரான் உருண்டு என் காலடிக்கே வந்தது, நான் அதன்மேல் காலை வைத்தேன். அந்த நிமிஷம் கையை விட்டிருந்தால் ஹனீஃபா தப்பித்திருப்பார். அவர் விடவில்லை, என்னைத் தாங்கத்தான் பார்த்திருக்கிறார். நானும் விடவில்லை. நூற்றெழுபது கிலோ ஆக்சிஜன் மொத்தமாகக் கீழே போனது, நான் அடியில், அவர் மேலே. அப்போதும் அந்த நாலு பழம் நடுவிலேயேதான் இருந்தது. சத்யபிரியா மைக்கில், "பாத்தீங்களா, இரட்டைப் பிணைப்பை உடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு!" என்று சொல்ல, மொத்த அபார்ட்மென்டும் எழுந்து நின்று கை தட்டியது. லாரி டிரைவர் விசில் அடித்தார். நான் "ஐயோ" என்றேன், அவர் "அல்லாஹ்" என்றார். அதைப் பேச்சில் சேர்க்க முடியாது என்பது என் கருத்து.

கையில் லேசான வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஹனீஃபாதான் ஆட்டோவில் கூட்டிப் போனார், வேறு யாரும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். வழி முழுக்க என் கையை ஒரு குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை, ஆட்டோக்காரர்தான் பேசினார். "இன்னா சார், அண்ணன் தம்பியா? ஏறுனதுலேர்ந்து கையப் புட்சிகினு வுடவே மாட்றீங்கோ." இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் ரோட்டைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம், நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். ஹனீஃபா சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து 'எதிர்வீடு' என்று எழுதினார். நர்ஸ் பார்த்துவிட்டு, "எதிர்வீடுன்னா ரிலேஷன் இல்லையே சார், அண்ணன்னு போடட்டுமா?" என்றாள். "இருக்கிறதைத்தாம்மா எழுதுவேன். எதிர்வீடும் உறவுதான்" என்றார். எனக்கு வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில்தான்.

தனம், இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும். சினேகாவுக்குப் படித்துக் காட்டாதே. சாஜிதாவிடம் போனில்கூட உளறிவிடாதே, மனைவியிடம் சொன்னால் புருஷனிடம் சொன்ன மாதிரிதான், ஹனீஃபா காதுக்கு இது போகவே கூடாது. அந்தக் குறுக்கெழுத்துக்கு மறுநாளே விடை வந்தது. திருநீர்மலை. அவர் எழுதியதுதான் சரி. நான் அந்தப் பக்கத்தை மடித்து பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, எட்டு மாதமாகக் கோபமாக இருக்கிறேன். கோபம் இல்லை தனம், வெட்கம். அவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? திருநீர்மலை மண்ணுக்கு முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர், எந்தச் சர்வே நம்பர் எங்கே முடிகிறது, மலைப்படி எங்கே ஆரம்பிக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நான் அந்தக் கோயில் படி ஏறியது மொத்தம் இரண்டு தடவை. அவர் பெயரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். விடை தப்பாகப் போனது ஒரு பெரிய விஷயமா? கேட்ட கேள்விதான் தப்பு. அன்று அவர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினாரே, மெதுவாகத்தான் சாத்தினார், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உனக்கும் கேட்டிருக்கும், அதனால்தான் நீ இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாய். ஏழு வருஷம் என் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நின்ற மனுஷன். அவர் இல்லாமல் எனக்குப் பாதிச் செய்திதான் தெரிகிறது, அதுவும் ருசிக்கவில்லை. மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைக்கிறேன். எதிரில் போய் நின்றால் வாய் வராது, என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

ஆகவே, நான் இன்னும் ஹனீஃபாவிடம் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்லி உன்னை வரவழைக்க மனம் இல்லை. நீ தயவு செய்து நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு பதினைந்தாம் தேதி வண்டி ஏறிவிடு. வீடு வீடாக இல்லை. மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் என் வணக்கம். சினேகாவுக்கும் பேத்திக்கும் என் ஆசி, அந்தக் குழந்தைக்கு என் மூக்கு வராமல் உன் மூக்கு வந்ததற்குப் பெருமாளுக்கு நன்றி.

இப்படிக்கு,
உன் அப்பாதுரை

பின்குறிப்பு: தனம் தங்கச்சிக்கு, ஹனீஃபா அண்ணனின் ஸலாம். முதல் வரியிலேயே கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பீர்கள், ஆமாம், இது முழுக்க நான் எழுதியதுதான். சாருக்கு லேசான வீக்கம் எல்லாம் இல்லை, வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆபத்து ஒன்றும் இல்லை, மூன்று வேளையும் நம் வீட்டுச் சாப்பாடுதான். இதை உங்களிடம் போனில் சொல்லாமல் இருக்க சாஜிதா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்று காலை அவர் இடது கையில் பேனாவைப் பிடித்து ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. நான் என் எழுதும் அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். அவர் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். கட்சிக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது என் தொழில், ஆகவே என்னைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். பத்து மணிக்கு ஆரம்பித்தது, இப்போது பன்னிரண்டரை. இரண்டரை மணி நேரமாக என்னோடு பேசுவதில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார். 'ஹனீஃபா காதுக்கு இது போகவே கூடாது' என்ற இடத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே மை கொஞ்சம் பரவியிருக்கும், பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது, மன்னியுங்கள்.

வழக்கப்படி கடைசியில் முழுவதையும் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரியா சார்?" என்று கேட்டேன். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "எல்லாம் சரி பாய்" என்றார். சாஜிதா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய இடது பெருவிரல் ரேகையை மேலே ஒற்றியிருக்கிறேன். பதினைந்தாம் தேதி நீங்கள் தாராளமாக வண்டி ஏறலாம் தங்கச்சி. நாங்கள் இரண்டு பேரும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வருகிறோம். மூட்டை எத்தனை இருந்தாலும் கொண்டுவாருங்கள், எங்களுக்கு மொத்தம் மூன்று கை இருக்கிறது.